கதிரையில் தெரிந்த பாதி மனிதர்

தன்னைத்தானே படம் எடுப்பது லேசான வேலை என்று இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள். கையை நீட்டினால் முடிந்தது. எனக்கு அது ஒருநாளும் லேசாக இருந்ததில்லை. பதினொரு தைப்பொங்கல்களாக நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் உள்ள என் மூன்றாம் மாடி வீட்டில் சாப்பாட்டு மேசையின் மேல் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பத்து விநாடிக்குப் பிறகு எடு என்று அதற்குக் கட்டளையிட்டுவிட்டு, பட்டுச்சேலையோடு பல்கனிக் கதவடிக்கு ஓடியிருக்கிறேன். ஒருமுறை கம்பளம் தடக்கி விழுந்து முழங்காலில் தோல் உரிந்தது. எழும்பி மறுபடி ஓடினேன். கையை நீட்டி எடுத்திருந்தால் முழங்கால் தப்பியிருக்கும். ஆனால் படத்தில் கை தெரிந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா, எடுத்துத்தர வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்பார்.

படம் போய்ச் சேர்ந்ததும் அம்மா தொலைபேசியில் வருவார். “வடிவா இருக்குப் பிள்ளை. ஆர் எடுத்தது?”

“அவர்தான் எடுத்தவர்.”

அந்த அவர், என் கணவர், பதினொரு வருடங்களுக்கு முன்பே நாட்டின் மறுபக்கத்தில் உள்ள பேர்கன் நகரத்துக்குப் போய்விட்டார். முதலில் வேலை என்று போனார். பிறகு கிழமைக்கு ஒருமுறை வந்தார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு குளிர்கால உடுப்புகளை எடுக்க ஒருமுறை. அங்கே அவருக்கு வேறு ஒரு வாழ்க்கை இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே பங்கு பிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சண்டைகூடச் சரியாகப் போடவில்லை என்பதுதான் இன்றுவரை என் கவலை. ஒரு நல்ல சண்டை பிடித்திருந்தால் அதைப் பற்றியாவது அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

முதல் வருடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் திரும்பி வருவார் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் சொல்லவில்லை, ஏனென்றால் முதல் வருடம் சொல்லவில்லை. அதன் பிறகு பொய் தானாகவே நடக்கப் பழகிக்கொண்டது.

எங்கள் ஊர் வழக்கமும் அதற்குத் துணை நின்றது. மாமியார்மார் மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. அவர் வீட்டில் இருக்கிறார் என்றாலே அம்மாவின் குரல் தணிந்துவிடும். “அவரைக் கரைச்சல் படுத்தாதை, நான் கேட்டதெண்டு மட்டும் சொல்லு” என்பார். நானும் சொல்கிறேன் என்பேன். மருமகன் அங்கே வெறும் ஒரு மரியாதையாக இருந்தார், அவருக்கு உடம்பு தேவைப்படவில்லை. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். அவருக்குத் தடிமன் பிடித்தது, மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். பனியில் சறுக்கினார், நல்லகாலம் எலும்பு முறியவில்லை. ஒரு வருடம் பதவி உயர்வுகூடக் கொடுத்தேன். உண்மையில் இருந்தபோது அந்த மனிதர் என்னோடு இவ்வளவு நல்லபடியாக வாழ்ந்ததில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் ஒரு காப்பகத்தில் பழைய ஒளிப்படங்களைக் கணினிக்கு மாற்றும் பிரிவில் இருக்கிறேன். நிலத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத அறை. குளிரும் ஈரமும் எந்நேரமும் ஒரே அளவில் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடித் தகடாக எடுத்து, துடைத்து, படம் பிடித்து, எண் போட்டுத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முகங்கள் பார்ப்பேன், ஒருவரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். என்னோடு அங்கே வேலை செய்வது படங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நோர்வேஜியப் பெண். அதிகம் பேசாதவள். ஆறு வருடங்களில் அவளுடைய பூனையின் வயது மட்டும் எனக்குத் தெரியும்.

நோர்வேக்கு வருமுன் நான்கு வருடங்கள் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தேன். அங்கே படித்த ஜெர்மன் மொழி அதற்குப் பிறகு ஒரு சதத்துக்கும் உதவவில்லை. போன இலையுதிர்காலத்தில்தான் உதவியது. ஒரு மரப்பெட்டி வந்தது. ஒளிப்படம் என்பதே புதிதாகப் பிறந்திருந்த காலத்தில், ஜெர்மனியிலிருந்து கப்பலேறி இந்த நகரத்துக்கு வந்து ஆட்களைப் படமெடுத்த ஒருவருடைய பெட்டி. உள்ளே இருபத்தைந்து முப்பது தகடுகள், ஒரு தடித்த குறிப்பேடு. குறிப்பேடு பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருந்தது. எழுத்தெல்லாம் முள்ளுக்கம்பி. பழுதுபார்ப்பவள் ஒரு எழுத்து அட்டவணையைத் தந்து, “உனக்குத்தான் ஜெர்மன் தெரியுமே” என்றாள். இரண்டு மாதம் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். பாலர் வகுப்பில்கூட நான் அவ்வளவு பாடுபடவில்லை.

அவர் ஆரம்பத்தில் ஓவியர். உள்ளங்கை அளவு யானைத் தந்தத் துண்டுகளில் முகங்களை வரைந்து பிழைத்தவர். ஒளிப்படம் வந்ததும் வரைந்த முகம் யாருக்கும் வேண்டாமற் போனது. தன் பிழைப்பைப் பறித்த அந்தப் பெட்டியையே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார். சொந்த ஊரில் போட்டி அதிகம், இங்கே அவ்வளவு இல்லை. மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தார். இடம் பிடித்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இந்த வசனத்தை எங்கள் சனத்தில் எத்தனை பேர் விமான நிலையங்களில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மேல்மாடியில் வடக்குப் பக்கம் பெரிய யன்னல் உள்ள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அந்தக் காலத்துப் படம் காகிதத்தில் இல்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுக்க வேண்டும். காலை முழுவதும் மினுக்குவார். பிறகு அயோடின் ஆவி பிடிக்க வைத்து, பெட்டிக்குள் செருகி, முன்னால் உள்ள வில்லையின் மூடியைக் கழற்றி விநாடிகளை எண்ணுவார். கோடையில் அரை நிமிடம் போதும். மார்கழியில் ஒஸ்லோ வெளிச்சத்துக்கு இரண்டு நிமிடமும் பற்றாது. அவ்வளவு நேரமும் எதிரே இருப்பவர் அசையக்கூடாது. அதற்காகக் கதிரைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு, அதன் நுனியில் இரண்டாகப் பிரிந்த ஒரு கவடு. பிடரியை அந்தக் கவட்டில் கொடுத்துவிட்டு இருக்க வேண்டும். எடுத்த தகட்டைப் பிறகு பாதரச ஆவியில் காட்டினால் முகம் மெல்ல எழும்பி வரும். அந்த ஆவியைத்தான் தினமும் அவர் சுவாசித்தார். மூன்றாம் வருடக் குறிப்புகளில் கை நடுங்குகிறது, எழுத்திலேயே தெரிகிறது.

குறிப்பேட்டில் வந்தவர்களின் பெயர் குறைவு, அவர்கள் அசைந்த விதம்தான் அதிகம். கப்பல் தலைவர் ஒருவர் புயலில் நின்றவராம், அரை நிமிடம் கண்ணை நிறுத்த முடியவில்லை. பாதிரியார் மூச்சுவிட மறந்து மயங்கப் பார்த்தார். ஒரு தாய் மடியில் வைத்திருந்த குழந்தை மட்டும் துளிகூட அசையவில்லை, ஏனென்றால் அது முதல்நாளே இறந்துவிட்டது. அந்த வரிக்குக் கீழே, தகடு மிக நன்றாக வந்தது என்று எழுதிவிட்டு அதை அவரே கோடு போட்டு வெட்டியிருக்கிறார். நான் அன்று அந்தப் பக்கத்தோடு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு நோர்வேஜிய மொழி சரியாக வரவில்லை. வந்திருந்தாலும் யாரோடு கதைப்பது? அவருடைய பிழைப்பே எதிரில் இருப்பவரை வாய் திறக்க விடாமல் வைத்திருப்பது. வந்தார்கள், வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தார்கள், எழுந்து போனார்கள்.

குறிப்பேட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வேறு விஷயம் தொடங்கியது. மனைவிக்கு எழுதிய கடிதங்களின் முதல் வரைவுகள். அவற்றில்தான் ஒரு கூட்டாளி வந்தார். ஊரிலிருந்து வந்த இன்னொரு ஜெர்மன்காரராம், நல்ல மனிதராம், புல்லாங்குழல் வாசிப்பாராம், காலையில் கோப்பி போடுவது அவர்தானாம். நான் தகட்டைத் தயார்படுத்துகிறேன், மூடியைக் கழற்றுவது அவர், ஆகவே நீ கவலைப்படாதே, நான் தனியாக இல்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் இருந்தது. எனக்கு அந்தக் கூட்டாளியைப் பிடித்துப்போயிற்று. கோப்பி போடும் ஆண் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் முன்பக்கக் குறிப்புகளில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்கு வருடக் குறிப்பு, தினமும் பக்கத்தில் நிற்கும் மனிதர், ஒரு சொல் இல்லை. இடையில் பிரிந்து போயிருப்பார் என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தொலைபேசி வந்தது. தை மாதம் முடிய அவருக்கு எண்பது வயது. தம்பி வீட்டில் சின்னதாக ஒரு கொண்டாட்டம் வைக்கப் போகிறானாம். பிள்ளைகள் எல்லோரும் சோடியாக நிற்கும் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்களாம்.

“இந்த முறை நீ தனிய நிக்கிற படம் வேண்டாம் பிள்ளை. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற படம் ஒண்டு அனுப்பு. அவரை ஒருக்கா மினக்கெடச் சொல்லு.”

“பாப்பம் அம்மா” என்றேன். 

நாங்கள் சேர்ந்து நின்ற பழைய படமொன்றை எடுத்து, அவருக்கு நரை போட்டுத் திருத்தலாமா என்று யோசித்தேன். பொய்க்கு நரை போடுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் ஒரு மாலை முழுவதும் கணினியில் அதைத்தான் செய்து பார்த்தேன். அவருடைய பழைய தலையில் ஒவ்வொரு மயிராக வெள்ளையாக்கினேன். பதினொரு மணிக்கு, இது என்ன கூத்து என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படுத்தேன். உண்மையைச் சொன்னால் எண்பது வயது மனுசிக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். இவ்வளவு காலம் ஏமாற்றினாயே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்ற பயம் மறுபக்கம். பெரிய பயம் இரண்டாவதுதான். என்னைத் தேடிக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அம்மா.

பெட்டியில் கடைசியாக ஒரு தகடு மிஞ்சியிருந்தது. முந்தைய காலத்தில் யாரோ பட்டியலில் அதற்கு, வெறும் கதிரை, கறை படிந்தது, பழுது என்று எழுதியிருந்தார்கள். வெள்ளித் தகட்டுப் படங்களை நேராகப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். கொஞ்சம் சரித்து, எதிரே கறுப்புத் துணி பிடித்தால்தான் உள்ளே இருப்பது வரும். சரித்தேன். கதிரை வந்தது. அதன் முதுகில் செதுக்கிய பூ வேலைப்பாடு, பின்னால் இரும்புத் தண்டு, கவடு எல்லாம் கூர்மையாக வந்தன. இன்னும் ஒரு துளி சரித்தபோது அந்தக் கறையில் ஒரு சட்டைக் கழுத்து தெரிந்தது. அதற்கு மேலே ஒரு முகம், கீழே முழங்காலில் வைத்த இரண்டு கைகள். ஒரு மனிதர் இருந்தார். அவருடைய நெஞ்சுக்கு ஊடாகக் கதிரையின் பூ தெரிந்தது, தொண்டைக்கு ஊடாக இரும்புக் கவடு தெரிந்தது.

பழுதுபார்ப்பவளைக் கூப்பிட்டேன். அவள் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இவர் இடையில் எழும்பியிருக்கிறார்” என்றாள் நோர்வேஜிய மொழியில். “மூடியைக் கழற்றிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்திருக்கிறார். பிறகு எழும்பி வந்து மூடியிருக்கிறார். அரைவாசி நேரம் கதிரை வெறுமையாக இருந்திருக்கிறது. அதனால்தான் அரைவாசி.”

“இது அவர்தான், படமெடுப்பவர்” என்றேன். “இந்தப் படத்தைப் பற்றிக் கடிதத்தில் இருக்கிறது. கூட்டாளி என்னைப் படமெடுத்தார், அடுத்த கப்பலில் அனுப்புகிறேன் என்று மனைவிக்கு எழுதியிருக்கிறார்.”

“கூட்டாளி இருந்திருந்தால் இவர் முழுதாக இருந்திருப்பார்” என்று சொல்லிவிட்டு அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. இல்லாத கூட்டாளியை உண்டாக்கிய அந்த மனிதர்மேல் அப்படி ஒரு கோபம். புல்லாங்குழல் எதற்கு? கோப்பி எதற்கு? நான் தனியாக இருக்கிறேன், இங்கே ஒருவரும் இல்லை, வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவள் வந்திருப்பாளே. கடைசி வரைவுவரை பார்த்தேன், அவள் வரவே இல்லை. தனியாக இல்லாத புருசனிடம் எவள் அவசரப்பட்டுக் கப்பல் ஏறுவாள்? படத்தையும் அவர் அனுப்பவில்லை, அதனால்தான் அது இன்னும் ஒஸ்லோவில் இருக்கிறது. தகட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கோபம் அவரில் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தது. அன்று ரி-பான என்ற சுரங்க ரயிலில் ஸ்டோவ்னர் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒரு வசதி, ரயிலில் அழுதால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கொடுமையும் அதுதான்.

சனிக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், சாப்பிட்டுவிட்டு முன்னறையில் இருந்தார். திரையில் அவருடைய நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன.

“அம்மா, அந்தப் படம் தர ஏலாது.”

“ஏன் பிள்ளை, அவருக்கு வேலையே?”

பாருங்கள், தப்பிக்கும் வழியை அவரே திறந்து தந்தார். ஓம் என்றால் போதும்.

“இல்லையம்மா. அவர் இஞ்சை இல்லை. பதினொரு வருசமா இல்லை. பேர்கனிலை வேறை ஆளோடை இருக்கிறார். படமெல்லாம் நான்தான் எடுத்தனான்.”

 தெருவில் மோட்டார்சைக்கிள் ஒன்று போகும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா, “ஓம்” என்றார். “தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“போன வருசம் நோர்வேயிலையிருந்து ஒருத்தி வந்து சொன்னவள். என்ர பிள்ளை எனக்குச் சொல்லேல்லை, நீ ஆர் சொல்ல எண்டு ஏசிக் கலைச்சுப்போட்டன். அவள் சொல்ல முதலே எனக்குத் தெரியும்.”

கதிரையைத் தள்ளி எழும்பினார். திரையில் சுவர், கூரை, சுவர் என்று எல்லாம் ஆடின. கண்ணாடி அலுமாரி முன்னால் வந்து கைப்பேசியைப் பிடித்தார். நான் அனுப்பிய பதினொரு படங்களும் வரிசையாக உள்ளே நின்றன. தம்பி ஒவ்வொன்றாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

“உன்ர சீலைத் தலைப்பைப் பார்” என்றார்.

பார்த்தேன். பல்கனிக் கதவு, பொங்கல் பானை, என் சிரிப்பு, எல்லாம் தெளிவாக இருந்தன. சேலைத் தலைப்பு மட்டும் கலங்கியிருந்தது. தை மாத வெளிச்சம் போதாமல் கைப்பேசி கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கிறது. ஓடிவந்து நின்றவளின் தலைப்பு நிற்க அந்த நேரம் போதவில்லை. முதல் படத்திலிருந்து பதினோராவது படம்வரை எல்லாவற்றிலும் அது ஆடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அசைந்த படங்களைப் பார்ப்பதுதான் எனக்குத் தொழில். இதை நான் ஒருமுறையும் பார்க்கவில்லை.

“முகம் சிரிக்குது, தலைப்பு ஆடுது” என்றார் அம்மா. “எடுக்க ஒராள் இருந்தால் நீ ஏன் பிள்ளை ஓடுறாய்?”

“எப்ப கண்டனீங்கள்?” என்றேன்.

“ரெண்டாம் வருசமே கண்டிட்டன். அதாலைதான் ஒவ்வொரு முறையும் கேட்டனான், ஆர் எடுத்ததெண்டு. இந்த முறையாவது சொல்லுவாய், இந்த முறையாவது சொல்லுவாய் எண்டு. எண்பதாகப் போகுது. இனியும் பாத்துக்கொண்டிருந்தால் உன்ர வாயாலை கேளாமலே போயிடுவன் எண்டு பயம் வந்திட்டுது. அதுதான் சோடியா அனுப்பச் சொன்னனான்.”

பதினொரு வருடம் நான் ஒஸ்லோவில் ஒரு பொய்யோடு தனியாக இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதே பொய்யோடு அம்மா அங்கே தனியாக இருந்திருக்கிறார். வாய் திறந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்து, இல்லாத மருமகனுக்கு மரியாதையாகக் குரலைத் தணித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, “தனியப் படமே அனுப்பு. பெரிசாக்கி மாட்டுவம். ஆனா ஓடாதை. ஆரையும் எடுக்கச் சொல்லு” என்றார்.

“ஆரைச் சொல்லுறது?”

“யோசிச்சுப் பார் பிள்ளை” என்று அம்மா கைப்பேசியை வைத்தார்.

ஞாயிறு முழுவதும் அதை யோசித்தேன். இந்த நகரத்தில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, என்னை ஒரு படம் எடுத்துத் தா என்று கேட்க ஒரு பெயர் வரவில்லை. கோயிலில் கேட்கலாம், ஆனால் அங்கே படத்தை விடக் கதை முதலில் போய்ச் சேரும். திங்கள் காலை பட்டுச்சேலையை உடுத்து, அதன் மேல் குளிர் அங்கியையும் பனிச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முதலில் பட்டியலைத் திறந்தேன். வெறும் கதிரை, கறை, பழுது என்பதை அழித்துவிட்டு, படமெடுப்பவர் தன்னைத்தானே எடுத்தது, உதவிக்கு யாரும் இருக்கவில்லை என்று எழுதினேன். தகட்டை அனுப்பியிருந்தால் அந்த மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். அது தெரிந்துதான் அவர் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு பழுதுபார்ப்பவளிடம் போனேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக எனக்கென்று ஒன்று கேட்டேன், என்னை ஒரு படம் எடுத்துத் தா என்று. அவள் காரணம் கேட்கவில்லை. சேலையைப் பார்த்தாள், மேலே படிக்கட்டுப் பக்கம் வடக்கு யன்னல் இருக்கிறது, வெளிச்சம் அங்கேதான் நல்லது என்றாள். ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதில் நான் இருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு காலமும் எதிரே கைப்பேசியில் எண்கள்தான் குறைந்துகொண்டு போகும். இப்போது அதற்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை, அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. மூன்று படம் எடுத்தாள்.

“முடிந்தது, நீ எழும்பலாம்” என்றாள்.

நான் எழும்பவில்லை. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை, படம் அவள் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கதிரையில் இருந்தேன்.